பாலத்தோட காலைப் பாருங்க

லீவு கிடைச்சா நான் பாலங்களைப் படம் எடுக்கக் கிளம்பிடுவேன்னு இங்க பல பேருக்குத் தெரியும். "திருத்தணியில இருந்துகிட்டு மலைக் கோயிலை எடுக்காம, ஆத்துக்குள்ள இறங்கி தூணோட அடியை ஏன் சார் எடுக்குறீங்க?"ன்னு போன வாரம் ஒருத்தர் கேட்டார். ரெண்டு வரியில் சொல்ற பதில் இல்லை. அதான் இந்த இழை. நீளம்தான். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

ஆரம்பம் ஒரு காலில் இருந்து. பாலத்தின் கால் இல்லை, மனுஷன் கால்.

சில வருஷம் முன்னாடி ஒரு நவம்பர். பள்ளிப்பட்டு பக்கம் கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்து ஒரு பெரியவர் எங்களிடம் டிரெஸ்ஸிங்குக்கு வந்துகொண்டிருந்தார். சர்க்கரை நோய், உள்ளங்காலில் புண். ஒன்றுவிட்டு ஒருநாள் வரணும். ஒழுங்கா வந்துட்டிருந்த மனுஷன் திடீர்னு ஆறு நாள் காணோம். ஏழாம் நாள் மகன் தூக்கிட்டு வந்தப்போ ரெண்டு விரல் கறுத்துப் போயிருந்தது.

"ஏன் தாத்தா வரல?"

"எட்ல வர்றது நைனா? ஏறு வந்துடுச்சே."

எங்க ஊர்ப் பக்கம் தமிழும் தெலுங்கும் இப்படித்தான் ஒரே வாக்கியத்துல குடித்தனம் நடத்தும். ஏறுன்னா ஆறு. ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்துவிட்டா, தண்ணி நேரா நம்ம பக்கம் வரும். நெடியம், சாமந்தவாடா பக்கத்து தரைப்பாலங்கள் முழுகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன், 108 வண்டி எல்லாம் சுத்திக்கிட்டுத்தான் போகணும். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியும் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. போராட்டம், பட்டாஸ்கர் பரிந்துரை, அதுக்கப்புறம் எல்லை மாறியது. ஆறு அதே வழியில்தான் போகுது. அணை ஒரு மாநிலத்துல, முழுகுற பாலம் இன்னொரு மாநிலத்துல.

பெரியவரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரெண்டு விரலை எடுத்தாங்க. கால் தப்பிச்சது.

தண்ணி வடிஞ்ச பிறகு அந்தத் தரைப்பாலத்தைப் பார்க்கணும்னு தோணுச்சு. கேமரா எடுத்துட்டுப் போனேன். மேலே ரோடு பளபளன்னு கழுவிவிட்ட மாதிரி இருக்கு. ஒரு விரிசல் இல்லை. வண்டிகள் ஓட ஆரம்பிச்சாச்சு. தண்ணி விழுற பக்கமா, அதாவது கீழ்ப்புறமா இறங்கிப் பார்த்தா, கான்கிரீட்டுக்கு அடியில் மண்ணே இல்லை. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டேன், எட்டல.

அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பெரியவர் பாதம்தான். சர்க்கரை நோயில் காலின் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. மேல்தோல் நல்லா இருக்கும், அடியில் சீழ் குழி பறிச்சுட்டுப் போகும். வலி இல்லாததால நோயாளி நடந்துட்டே இருப்பார். பாலமும் அப்படித்தான். வண்டிகள் போய்ட்டே இருக்கும்.

இதுக்கு இன்ஜினியர் நண்பர்கள் சொல்ற பேர் மண்ணரிப்பு. ஓடுற தண்ணி தூணில் மோதினா பக்கவாட்டில் மட்டும் விலகிப் போறதில்லை. ஒரு பகுதி தூணை ஒட்டிக் கீழே இறங்கி, அடிவாரத்தில் சுழலாகி, மணலைத் தோண்டி எடுத்துட்டுப் போகும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் குழி ரொம்ப ஆழமா இருக்கும். வெள்ளம் வடியும்போது தண்ணி கொண்டுவர்ற மணல் அதே குழியில் படிஞ்சு மூடிடும். கோடையில் போய்ப் பார்த்தா ஆறு சமதளமா, அப்பாவி மாதிரி கிடக்கும். ஆனா அந்தப் புது மணல் இறுகாத மணல். தூணைத் தாங்கிப் பிடிக்கிற பலம் அதுக்கு இல்லை.

இதைப் புரிஞ்சுகிட்ட பிறகு, ஏற்கனவே எடுத்து வைத்திருந்த படங்களை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வெட்கமா இருந்தது. எல்லாமே சூரியோதயம், வளைவு, நிழல், மேலே போற ரயில். ஒரு படத்தில்கூட கால் இல்லை.

படம் 1: திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலம். எம்.பி.பி.எஸ். படிச்சது பாளையங்கோட்டையில். அஞ்சரை வருஷம் இந்தப் பாலத்தை பஸ்ஸில் கடந்தேன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. 1840கள் வரை பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில்தான் கடக்கணும். கலெக்டராக இருந்தவர் ஈ.பி. தாம்சன். அவருடைய அலுவலகத்தில் சிரஸ்தார், அதாவது வருவாய் அலுவலகத்தின் தலைமை இந்திய அதிகாரி, சுலோசன முதலியார். பாலம் கட்ட முடிவானது. வரைபடம் கேப்டன் ஃபேபர் போட்டது. மக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டலாம் என்ற யோசனை நகரவில்லை. முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. ஹார்ஸ்லியின் மேற்பார்வையில் கட்டி முடித்து, 1843 நவம்பரில் திறந்தார்கள். 60 அடி அகலத்தில் 11 வளைவுகள், மொத்தம் 760 அடி. ஒரு அரசு ஊழியர் தன் கைக்காசில் பாலம் கட்டினார் என்பதை இன்றைக்கு ஆபீஸில் சொன்னால் "லோன் போட்டாரா சார்?"னு கேட்பாங்க.

எனக்கு இதில் பிடிச்ச விஷயம் வேற. இந்தப் பாலத்துக்கு மாதிரியா வச்சது லண்டன் தேம்ஸ் நதி மேல் 1817ல் திறந்த வாட்டர்லூ பாலம். ஜான் ரென்னி கட்டியது, கருங்கல்லில் 9 வளைவு. உலகத்திலேயே அழகான பாலம்னு அந்தக் காலத்தில் கொண்டாடினாங்க. ஓவியர் மோனே இந்த ஒரே பாலத்தை நாற்பது தடவைக்கு மேல் வரைஞ்சார். பனி, புகை, வெயில்னு ஒவ்வொன்றும் ஒரு வெளிச்சத்தில்.

அதே தேம்ஸில் கொஞ்சம் கீழே பழைய லண்டன் பாலம் இருந்தது. குட்டிக் குட்டி வளைவுகள், தடிமனான தூண்கள். பாதி அணை மாதிரி தண்ணியைத் தடுத்து நிறுத்திக்கிட்டு இருந்தது. 1831ல் புதுப்பாலம் வந்ததும் அதை இடிச்சாங்க. தடை போனதும் ஆற்றின் வேகம் கூடிடுச்சு. வாட்டர்லூ தூண்களின் அடியை அந்த வேகம் பல பத்தாண்டுகள் அரிச்சது. மோனே மேலே வெளிச்சத்தை வரைஞ்சுகிட்டு இருந்த காலத்தில் கீழே அரிப்பு நடந்துகிட்டுதான் இருந்தது. 1920களில் ஒரு தூண் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. 1924ல் போக்குவரத்தை நிறுத்தினாங்க. 1930களில் பாலத்தையே எடுத்துட்டு, இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே வேற பாலம் கட்டினாங்க.

ஒரிஜினல் போய்ச் சேர்ந்து தொண்ணூறு வருஷம் ஆகப்போகுது. அதைப் பார்த்து வரைஞ்ச நெல்லைப் பாலம், பின்னாளில் அகலப்படுத்தி, பக்கத்தில் ஒரு தம்பிப் பாலமும் வந்து, இன்னும் ஓடுது. 2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி கொக்கிரகுளத்துக்குள்ளேயே புகுந்தது. 180 வயசுப் பாலம் நின்னது. வெள்ளம் வடிஞ்ச பிறகு நான் நெல்லைக்குப் போய் எடுத்த படம்தான் இது. வளைவுகள் பாதிதான் தெரியும். ஃபிரேமில் முக்கால்வாசி தூணோட அடி. கூட வந்த நண்பன் "கேமரா சாஞ்சுடுச்சுடா"ன்னான்.

படம் 2ல் இருக்குற பாலத்தை நீங்க இனி எடுக்க முடியாது. திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம். 1928ல் திறந்தது. திருவானைக்காவலில் இருந்து நம்பர் 1 டோல்கேட் பக்கம் போக இதுதான் வழி. 2016ல் பக்கத்தில் புதுப்பாலம் வந்ததும் இதில் வண்டி விடுறதை நிறுத்தினாங்க. நான் எடுத்தது 2017 கோடையில். அழகான இரும்புச் சட்டம், கீழே மணல், ரெண்டு ஆடு. லைக் அள்ளின படம்.

2018 ஆகஸ்ட்டில் மேட்டூர் நிரம்பி, காவிரியின் உபரித் தண்ணியைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டாங்க. பழைய பாலத்தின் தூண்கள் இறங்கி, மேலே இருந்த பகுதி ஆற்றுக்குள் போச்சு. டிவியில் நேரலையாப் பார்த்தோம். அதே வாரம், ஆகஸ்ட் 22 ராத்திரி, மேற்கே முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடிச்சுட்டுப் போனது. அது 1836ல் ஆர்தர் காட்டன் கட்டியது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் நிறுத்தும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடம்தான் கற்றோம் என்று ஒப்புக்கொண்டவர் அந்த காட்டன். மிச்சமிருந்த பழைய இரும்புப் பாலத்தையும் பிறகு இடிச்சு எடுத்தாங்க. கதை அதோட முடியல. 2024 ஆகஸ்ட்டில் மறுபடி வெள்ளம் வந்தப்போ, புதுப்பாலத்தின் தூண்களை அரிப்பில் இருந்து காப்பாத்தக் கட்டின தடுப்புச் சுவரே இடிஞ்சு போச்சு.

என் 2017 படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூணின் அடியில், மணலுக்கு மேலே, ஒரு வட்டமான பாகம் தெரியுது. அது என்னன்னு அப்போ எனக்குத் தெரியாது. மணல் ஆற்றில் பாலம் கட்ட நம்ம நாட்டில் ரொம்ப காலமா இருக்குற முறை, கிணறு இறக்குறது. ஆற்று மணலில் செங்கல்லில் ஒரு வட்டக் கிணற்றுச் சுவர் எழுப்புவாங்க. உள்ளே இருக்குற மணலைத் தோண்டி எடுக்க எடுக்க, சுவர் தன் எடையிலேயே கீழே இறங்கும். மேலே மேலே சுவர் வச்சுக்கிட்டே போகணும். வேண்டிய ஆழம் வந்ததும் உள்ளே அடைச்சு, அது மேல தூண். ஊர்ல கிணறு வெட்டி உறை இறக்கினதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

அந்த உறைக்கிணறு மண்ணுக்குள்ளேயே இருக்க வேண்டிய பாகம். அது வெளியே தெரியுதுன்னா, ஆற்றின் படுகை கீழே இறங்கிடுச்சுன்னு அர்த்தம். படுகை ஏன் இறங்குதுன்னு நம்ம வடக்கு ஜில்லாக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? ராத்திரி லாரி சத்தம் கேட்டே வளர்ந்தவங்க நாம. மணல் அள்ளினா மணல் மட்டும் போறதில்லை, ஏதோ ஒரு பாலத்தின் முட்டி வெளியே வருது. இனிமே ரயிலில் போகும்போது வறண்ட ஆற்றைத் தாண்டினால் எட்டிப் பாருங்க. ஈறு தேஞ்ச பல் மாதிரி தெரியும்.

ரயில்னு சொன்னதும் ரெண்டு சம்பவம். சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கவே கஷ்டமானவை. 1902 செப்டம்பரில் கடப்பா பக்கம் மங்கப்பட்டணத்தில் பாலம் அடிச்சுட்டுப் போனது தெரியாம மதராஸ்-பம்பாய் மெயில் ஆற்றில் விழுந்தது. 70 பேருக்கு மேல் இறந்தாங்க. இன்னைக்கும் மும்பை ரயில் திருத்தணி வழியாப் போற அதே லைன். 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ். 140 பேருக்கு மேல். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார். பள்ளிக்கூடப் பாடத்தில் அவர் ராஜினாமா மட்டும்தான் வரும். அந்த ஆற்றின் பேரைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் எனக்கு வாய்க்கல.

ரயில்வே பாலத் தூண்களில் அளவுகோல் மாதிரி கோடு போட்டு, அபாய அளவுன்னு ஒரு பட்டை வரைஞ்சிருக்கும். மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து ஊழியர் கையில் விளக்கோட நடந்து பார்க்குறதும் இதுக்குத்தான். அந்தக் கோட்டைத் தாண்டித் தண்ணி போனா மேலே வண்டி விட மாட்டாங்க. நம்ம தரைப்பாலங்களுக்கு அந்த மாதிரி ஒரு கோடு போடுறதுக்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

சரி, காலு உறுதியா நின்னா என்ன ஆகும்? அதுக்கும் கதை இருக்கு. படம் 3, பாம்பன். 1914 பிப்ரவரி 24ல் திறந்தது. கப்பல் வந்தா நடுவில் இருக்குற ஷெர்சர் தூக்குப்பாலம் ரெண்டு கையும் மேலே தூக்கி வழிவிடும். ஆட்கள் கையால சுத்தித்தான் திறக்கணும். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல். தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயில் கடலோட போச்சு, ஊரே போச்சு. பாலத்தில் 145 கர்டர்களில் 120க்கும் மேல அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு. ஆனா பெரும்பாலான தூண்களும் நடுவில் இருந்த தூக்குப்பாலமும் நின்னது.

சீரமைக்க ஆறு மாசம்னு முதலில் கணக்குப் போட்டாங்க. பொறுப்பு 32 வயசு இன்ஜினியர் ஒருத்தர் கையில் வந்தது. மீனவர்கள் உதவியோட கடலுக்குள்ள கிடந்த கர்டர்களைத் தேடி மேலே எடுத்து, மறுபடி அதே தூண்கள் மேல வச்சாங்க. 46 நாளில் ரயில் ஓடுச்சு. அந்த இன்ஜினியர் ஈ. ஸ்ரீதரன். கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ எல்லாம் அதுக்கு அப்புறம் வந்த கதை. எங்க பாஷையில் சொன்னா, தோலும் சதையும் போச்சு, எலும்பு நின்னது, அதனால நோயாளி ஒன்றரை மாசத்தில் நடந்தார். 2022 டிசம்பரோட பழைய பாலத்தில் ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரல் 6ல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தாச்சு.

(இடையில் ஒரு விஷயம். ரயில் பாலத்து மேல ஏறி செல்ஃபி எடுக்காதீங்க. அத்துமீறி நுழைஞ்சா கேஸ் போடுவாங்க, அது பரவாயில்லை. ரயில் வந்தா ஒதுங்க இடம் இருக்காது. அப்படி வந்தவங்களுக்கு கேஷுவால்டியில் எங்களால பெருசா ஒண்ணும் செய்ய முடிஞ்சதில்லை.)

கடைசியா ஒரு கல். படம் 4, சென்னை சைதாப்பேட்டை, மறைமலையடிகள் பாலம் பக்கம். தினமும் லட்சக்கணக்கானவங்க தாண்டிப் போற இடம், யாரும் நின்னு பார்க்குறதில்லை. அங்கே அடையாற்றின் மேல் 1726ல் ஒரு வளைவுப் பாலம் கட்டினார் ஆர்மீனிய வியாபாரி கோஜா பெட்ரஸ் உஸ்கான். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைச்சதும் அவர்தான். மர்மலாங் பாலம்னு பேர். 30,000 பகோடா செலவு. 1960களில் அதை எடுத்துட்டு இப்போ இருக்குற பாலம் வந்தது. மிச்சம் இருக்குறது பாரசீகம், லத்தீன், ஆர்மீனிய மொழிகளில் எழுதின கல்வெட்டுதான்.

உஸ்கான் இன்னொண்ணும் செஞ்சார். பாலம் கட்டினதோட நிக்காம, அதைப் பராமரிக்கன்னு தனியா 1,500 பகோடா ஒதுக்கி வச்சார். 300 வருஷம் முன்னாடி! திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட ஆள் கிடைக்குது, கல்வெட்டில் பேர் போட ஆள் கிடைக்குது. வருஷா வருஷம் அடியில் இறங்கிப் பார்க்குற வேலைக்குக் காசு எடுத்து வைக்கணும்னு யோசிச்ச அந்த வியாபாரி மேல எனக்கு மரியாதை அதிகம். சர்க்கரை நோயாளிக்கு நாங்க சொல்றதும் அதேதான். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், தினமும் ராத்திரி ஒரு கண்ணாடியைத் தரையில் வச்சு உள்ளங்காலைப் பாருங்க.

என்ன கேமராவில், எப்படி எடுக்கணும்னு கேக்குறவங்களுக்கு: செல்போன் போதும். சித்திரை, வைகாசியில், ஆறு காஞ்சு கிடக்கும்போது போங்க. தண்ணி போற திசையில் கீழ்ப்புறமா நின்னு எடுங்க, தரைப்பாலத்தில் பள்ளம் அந்தப் பக்கம்தான் விழும். பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்பையோ தண்ணி பாட்டிலையோ வச்சு எடுத்தா அளவு தெரியும். அடுத்த வருஷம் அதே இடத்தில் நின்னு மறுபடி எடுங்க. ஒரே ஒரு படம் எதையும் சொல்லாது. ரெண்டு எக்ஸ்ரேயைப் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் எங்களுக்கும் புரியும். ரெண்டையும் சேர்த்து கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவா கொடுங்க. திங்கட்கிழமை. நான் ரெண்டு தடவை கொடுத்திருக்கேன். முதல் தடவை ஒரு ரசீது கிடைச்சது. ரெண்டாவது தடவை ஒரு ஆள் டேப் எடுத்துட்டு வந்து அளந்தார்.

படம் 5, நம்ம தரைப்பாலம். போன சித்திரையில் எடுத்தது. குழிக்குப் பக்கத்தில் தெரியுற பழைய டயர் செருப்பு என்னோடது இல்லை. நான் கீழே குனிஞ்சு எடுத்துட்டு இருக்கும்போது மேலே சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பெரியவர் நின்னுட்டு இருந்தார். ரெண்டு விரல் இல்லாத காலோட.

"ஏமி நைனா, அடியில என்ன தேடுற?"

காட்டினேன். சைக்கிளைச் சாய்ச்சுட்டு மெதுவா இறங்கி வந்தார். குழியை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தன் செருப்பைக் கழட்டி, "இத வச்சு எடு, கெலிட்டரு ஆபீஸ்ல காட்டு"ன்னு கொடுத்தார்.

வெறுங்காலோட நிக்காதீங்க தாத்தான்னு சத்தம் போட்டு, அவசர அவசரமா ஒரே ஒரு கிளிக். அதான் படம் கொஞ்சம் ஆடிப்போயிருக்கு.